செம்பனை வரிசைக்குள் வந்த நூலகம்

மகாகாம் ஆறு பெருக்கெடுக்கும் மாதங்களில் முவாரா லிந்தாங் ஊருக்குத் தரை என்று ஒன்று இருக்காது. ஏரியும் ஆறும் ஒன்றாகிவிடும். வீடு, கடை, பள்ளிவாசல், டீசல் விற்கிற கொட்டகை எல்லாமே தண்ணீரின் மேல்தான். பெரிய மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் வீட்டை எழுப்பி, கம்பத்தோடு கயிறு போட்டுப் பிணைத்திருப்பார்கள். தண்ணீர் ஏறினால் வீடும் ஏறும், வடிந்தால் வீடும் இறங்கும்.

அப்படி மிதக்கிற ஒரு காப்பிக் கடை மஸ்னியாவுடையது. அவளுக்கு நாற்பது வயதிருக்கும். மரம் வெட்டப் போன கணவன் போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "காப்பியில சர்க்கரை போதுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஊருக்கு வந்திருந்த வாத்தியார் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் புத்தகப் பெட்டிகளைத் தூக்கிச் செல்ல மனமில்லாமல் அவளிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார். பிஸ்கட் டப்பாக்களுக்குக் கீழே ஒரு பலகையடித்து அவற்றை அடுக்கி வைத்தாள். காப்பி குடிக்க வந்த மீனவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்கள். படகை விட்டு இறங்காமலேயே, "அந்தப் பச்சை அட்டையைக் குடு" என்று கையை நீட்டுகிறவர்களும் வந்தார்கள். பிள்ளைகள் வந்து வாசல் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு படித்தார்கள். எல்லாப் பக்கத்திலும் மீன் வாடையும் காப்பிக் கறையும் இருந்தன. மழை ஒழுகி, அடியில் இருந்த புத்தகங்கள் ரொட்டி மாதிரி உப்பியிருந்தன.

இந்தப் பலகையைப் பற்றி யாரோ சொல்லித்தான் பிரயோகோ வந்தான். ஏரிக்கு அக்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம், எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டிருக்கிற கம்பெனியின் ஆள். லாபத்தில் ஒரு பங்கைச் சுற்றுப்புற ஊர்களுக்குச் செலவழிக்க வேண்டும் என்று இருக்கிறதல்லவா, அந்த வேலையைப் பார்க்கிற பிரிவு அவனுடையது. செமாராங்கில் பிறந்து வளர்ந்த ஜாவாக்காரன். ஒடிசலான பையன். படகிலிருந்து கடைக்கு ஏறுவதற்குள் மூன்று பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வரைபடத்தை விரித்து, கம்பெனி இந்த ஊருக்கு ஒரு மிதக்கும் நூலகம் கட்டிக் கொடுக்கப் போகிறது என்றான்.

அப்போது கடையில் மஸ்னியாவின் அண்ணன் ஜர்காசி உட்கார்ந்திருந்தார். ஏரியில் வலை போட்டே வாழ்ந்தவர். தோட்டத்து வாய்க்கால்கள் ஏரியில் வந்து விழ ஆரம்பித்ததிலிருந்து அவர் வலையில் மீனைவிட சேறு அதிகம். அதைக் கேட்கக் கம்பெனி அலுவலகத்துக்கு அலைந்துகொண்டிருந்தார்.

"ஏரியில இருந்த மீனை எல்லாம் முடிச்சாச்சு. இப்ப மீன் படம் போட்ட புத்தகம் குடுக்க வந்திருக்காங்களாக்கும்," என்றார்.

"அண்ணே, ஏரி விஷயமா நீங்க கேக்கறதைக் கேளுங்க. நூலகத்துக்குள்ள உக்காந்தே கேளுங்க. நான் தடுக்க மாட்டேன்," என்றான் பிரயோகோ.

"நீ தடுக்க மாட்டப்பா. நீ வாங்கற சம்பளம் தடுக்கும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரயோகோவுக்கு முகம் சிவந்துவிட்டது. மஸ்னியா உப்பிப்போன புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "வாங்கிக்கலாம்ணே. புத்தகம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

ஜர்காசி பாதிக் காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து தங்கையின் கடைப்பக்கம் படகைத் திருப்பவில்லை.

நூலகம் வந்து சேர்ந்தது. வானத்து நீலத்தில் சுவர்கள், கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே புல் மாதிரிப் பச்சைக் கம்பளம். நெற்றியில் கம்பெனி முத்திரை. மஸ்னியாவின் கடைக்குப் பக்கத்திலேயே கம்பம் நட்டுக் கட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு நடைபலகை போட்டார்கள். அவளையே பொறுப்பாளராகப் போட்டு, முத்திரை பதித்த ஒரு மேல்சட்டையும் கொடுத்தார்கள். வாசலில் ஒரு நீளப் பலகை தொங்கியது: ஈரக் காலுடன் உள்ளே வராதீர்கள், உள்ளே எதையும் உண்ணாதீர்கள்.

ஈரமில்லாத கால் அந்த ஊரில் யாருக்கு இருக்கிறது? வந்தவர்கள் படகில் நின்றபடியே கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார்கள். கம்பளத்தைப் பார்த்தார்கள். "அழகா இருக்கு மஸ்னி" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை வலித்துக்கொண்டு போனார்கள். அவள் தினமும் கண்ணாடியைத் துடைத்தாள். யாரும் தொடாத புத்தகங்களைத் தூசு தட்டினாள். தனியாக இருக்கும்போதுகூட அங்கே அவள் குரல் தானாகத் தணிந்துபோனது. மாலையில் கடைக்குத் திரும்பி அந்த மேல்சட்டையைக் கழற்றினால்தான் மூச்சே விடமுடிந்தது.

திறப்பு விழாவுக்கு ஜகார்த்தாவிலிருந்து கம்பெனியின் தலைவரே வருவதாக ஏற்பாடு. ஊரில் தங்குவதற்கு இடமில்லாததால் பிரயோகோ முன்னதாகவே வந்து நூலகத்திலேயே படுத்துக்கொண்டான். விழாவுக்கு முந்தைய நாள் விடிந்தபோது ஏரி முழுக்கப் பனிமூட்டம். பக்கத்து வீடுகூடத் தெரியவில்லை. மஸ்னியா காப்பியும் வாழைப்பழ பஜ்ஜியும் எடுத்துக்கொண்டு நடைபலகையைக் கடந்து வந்தாள்.

"உள்ள வெச்சுச் சாப்பிடக் கூடாதாம் தம்பி. போர்டு சொல்லுது."

"ஐயோ, அந்தப் போர்டு ஆபீஸ்ல அடிச்சது அக்கா," என்று அவன் நெளிந்தான். இருவரும் வாசலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்கள்.

பனிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று ஊர்ந்து வந்தது. ஆகாயத்தாமரைத் திட்டு. ஆறு ஏரிக்குள் ஏறும் நாட்களில் இப்படிப் பெரிய பெரிய பச்சைத் தீவுகள் பெயர்ந்து வரும். இது ஒரு பந்து மைதானம் அளவுக்கு இருந்தது. அதன்மேல் ஒரு கொக்கு, தன்னை யாரோ ஊர்வலமாக அழைத்துப் போகிறார்கள் என்பதுபோல நின்றிருந்தது. திட்டு சத்தமில்லாமல் நூலகத்தின் பக்கவாட்டில் வந்து சாய்ந்தது. கயிறு முனகியது. முடிச்சு நழுவியது. நடைபலகை சறுக்கித் தண்ணீரில் விழுந்தது.

"அக்கா, உங்க கடை எங்க போகுது?" என்றான் பிரயோகோ.

மஸ்னியா ஒரு கணம் பார்த்தாள். "கடை போகல தம்பி. நாமதான் போறோம்."

இருவரும் கத்தினார்கள். ஆண்கள் எல்லாம் விடியுமுன்பே வலைக்குப் போய்விட்டிருந்தார்கள். பனி அவர்கள் குரலைப் பஞ்சுபோல வாங்கி வைத்துக்கொண்டது. கைப்பேசியில் சிக்னல் கோடே இல்லை. கடையின் விளக்கு ஒரு மஞ்சள் புள்ளியானது. பிறகு அதுவும் இல்லை.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"ஸ்கூல்ல கத்துக் குடுத்தாங்க அக்கா. இடுப்பளவு தண்ணியில."

"அப்ப உள்ள வந்து உக்காரு."

சுற்றிலும் வெள்ளை. மேலே எது, கீழே எது என்று தெரியாத வெள்ளை. நூலகம் மெல்லத் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே ஒருமுறை ஒரு மரத்தின் உச்சி மட்டும் வந்து போனது. எங்கோ பக்கத்தில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. பிரயோகோ துள்ளி எழுந்தான்.

"யாரு?"

"ஓங்கில். ஆத்து டால்பின். மூச்சு விட மேல வந்திருக்கு," என்றாள் மஸ்னியா. அவளே பல மாதங்களாக அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு தண்ணீரைக் கிழிக்காமல் எழுந்து, கிழிக்காமல் அமிழ்ந்தது. கொஞ்ச தூரம் அது அவர்களோடு கூடவே வந்தது. மஸ்னியா கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். பயப்பட வேண்டிய நேரம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் உடம்பில் பயம் வரவில்லை. தூக்கத்தில் நடக்கும் காரியம் மாதிரி இருந்தது எல்லாம்.

பிரயோகோ பயத்தை மறைக்க அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி உரக்கப் படிக்க ஆரம்பித்தான். கடலையே பார்த்திராத ஒரு ஆமை, கடலைத் தேடிப் போகிற கதை. ஆமை பேசும்போது கட்டைக் குரல், நண்டு பேசும்போது கீச்சுக் குரல். மஸ்னியா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த அறைக்குள் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து கம்பளத்தின் நடுவே வைத்துக்கொண்டு, இருவரும் எண்ணெய்க் கையோடு சாப்பிட்டார்கள்.

"இந்தப் புத்தகமெல்லாம் யாரு பொறுக்கினது?"

"நான்தான் அக்கா. ஒவ்வொண்ணா கடை கடையா ஏறி வாங்கினேன். ஆபீஸ்ல முதல்ல என்ன சொன்னாங்க தெரியுமா? உங்க ஊர் எல்லையில கம்பெனி பேர் போட்டு ஒரு வரவேற்பு வளைவு கட்டலாம்னாங்க."

"தரையே இல்லாத ஊருக்கு வளைவா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். மூணு மீட்டிங் சண்டை போட்டேன்."

மஸ்னியா அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இவன் விரல்பட்ட புத்தகங்களைத்தான் நாம் இத்தனை நாள் தூசு தட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் பனியைத் துளைக்க ஆரம்பித்த நேரத்தில் தண்ணீரிலிருந்து மரங்கள் எழுந்தன. வரிசை வரிசையாக, அளந்து வைத்தது போல. செம்பனை. ஏரி அந்த வருடம் தோட்டத்துக்குள்ளேயே ஏறியிருந்தது. நூலகம் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, மாளிகைத் தாழ்வாரத்தில் நுழைகிற மாதிரி நிதானமாக நுழைந்தது. ஓலைகள் இரு பக்கமும் கண்ணாடியைத் தடவின. உள்ளே பச்சை வெளிச்சம் அசைந்தது. கொஞ்ச தூரம் போய், இரண்டு மரங்களுக்கிடையே தோளைக் கொடுத்தாற்போல் நின்றுவிட்டது.

எதிரே தோட்டத் தொழிலாளர்களின் நீளக் குடியிருப்பு ஒன்று பாதி மூழ்கிக் கிடந்தது. தகரக் கூரை மேல் சிலர். மேசையைப் போட்டு அதன்மேல் சிலர். இடுப்பளவு தண்ணீரில், தோளில் ஒரு குழந்தையோடு ஒரு பெண் நின்று, மரங்களுக்கு நடுவே வந்து நின்ற நீல வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி அனுப்பிச்சுதா?" என்று கேட்டாள்.

பிரயோகோ தன் சட்டையில் இருந்த முத்திரையைக் குனிந்து பார்த்தான்.

"இல்லம்மா. அதுவா வந்துச்சு," என்றாள் மஸ்னியா.

"உள்ள வரலாமா? பிள்ளைங்க விடியறதுக்கு முன்னாடியே தண்ணியில நிக்குதுங்க."

பிரயோகோ எழுந்து போய் வாசலில் தொங்கிய அந்த நீளப் பலகையைக் கழற்றினான். எழுத்து கீழே போகும்படி திருப்பி, வாசலுக்கும் ஒரு மேசைக்கும் நடுவே ஏறுபலகையாகச் சாத்தினான். "ஏறி வாங்க. பாத்து," என்று கை நீட்டினான். தான் ஏறவே மூன்று பேர் வேண்டியிருந்தவன், அன்று எத்தனையோ பேரைத் தூக்கிவிட்டான்.

அந்தப் பெண்ணின் பெயர் யுஸ்தினா. ஃப்ளோரெஸ் தீவிலிருந்து கணவனோடு செம்பனைக் குலை வெட்ட வந்தவள். அந்தக் குடியிருப்பில் பெரும்பாலும் அவள் தீவுக்காரர்கள்தான். சேற்றுக் காலோடு, சொட்டச் சொட்ட எல்லோரும் கம்பளத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யாரோ ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைக் கொண்டுவந்து வாசலோரம் வைத்துச் சோளம் வேகவைத்தார்கள். பெரியவர்கள் துணியைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் அலமாரியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் ஒரு புத்தகத்துக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் அறையில் ஒரு ரீங்காரம் எழுந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக.

"இவங்கல்லாம் எந்த ஸ்கூல் போறாங்க?" என்று மஸ்னியா கேட்டாள்.

"பெரிய ஆபீஸ் பக்கத்துல ஒரு ஸ்கூல் இருக்கு அக்கா. லாரியில போகணும். லாரி வந்தாத்தானே?" என்று யுஸ்தினா சிரித்தாள். "மழைக்காலம் முழுக்க எங்க பிள்ளைங்களுக்கு லீவுதான்."

பிரயோகோ ஜன்னலோரம் நின்று, படிக்கிற பிள்ளைகளை எண்ணினான். "எங்க தோட்டத்துக்குள்ள இவ்வளவு பிள்ளைங்க இருக்கறதே எனக்குத் தெரியாது அக்கா," என்றான்.

"உன் ஆபீஸ்ல சொல்லலையா?"

"எங்க பிரிவு வெளியூர்களுக்குச் செய்யறது. உள்ள இருக்கறவங்க வேற பிரிவு."

"அந்தப் பிரிவு எங்க இருக்கு?"

அவனுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் தாண்டி ஜர்காசி வந்து சேர்ந்தார், பின்னால் ஊர் ஆட்களின் மோட்டார் படகுகளோடு. தங்கையைப் பார்த்ததும் அவர் வாயில் முதலில் வசவுதான் வந்தது. "எங்க எங்க தேடறது உன்னை? ஏரிக்கு அடியில கிடக்கியோன்னு நெனச்சேன்டி!" என்று கத்தினார். பிறகு படகில் கிடந்த ஈர வலையை எடுத்து உதற ஆரம்பித்தார். யுஸ்தினா ஒரு சூடான சோளத்தை அவர் கையில் கொடுத்தாள். இவ்வளவு காலம் கம்பெனி ஆட்கள் என்று எந்த ஜனங்களைத் திட்டிக்கொண்டிருந்தாரோ, அவர்கள் ஈரத் துணியோடு உட்கார்ந்து தன்னையே பார்ப்பதை அவர் பார்த்தார். சோளத்தைத் தின்றார்.

தோட்டத்துக்குள் கைப்பேசிக்கு உயிர் வந்திருந்தது. பிரயோகோவின் மேலதிகாரி மறுமுனையில் கத்துவது எல்லோருக்கும் கேட்டது. நாளைக்குத் தலைவர் வருகிறார், இருட்டுவதற்குள் நூலகத்தை இழுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் கட்டு. ஜர்காசி கயிறு போட்டார். தண்ணீர் வடிய ஆரம்பித்தால் அப்புறம் இதை அசைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

யுஸ்தினா பிள்ளைகளை அதட்டினாள். "எறங்குங்க, எறங்குங்க. அவங்க வீட்டை அவங்க எடுத்துட்டுப் போகட்டும்." தன் மகள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, பாவாடையில் துடைத்து, இரண்டு கையாலும் மஸ்னியாவிடம் நீட்டினாள். "நனைஞ்சிடுச்சு அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

மஸ்னியா அதை வாங்கினாள். அட்டையில் சேற்று விரல்கள் பதிந்திருந்தன. நடுப்பக்கத்தில் சோள மணி ஒன்று ஒட்டியிருந்தது. இதே அறை ஊரில் ஆளே வராமல் பளிச்சென்று காத்துக்கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அண்ணே, கயித்தை அவிழு."

"என்னது?"

"இது இங்கயே இருக்கட்டும்."

"இதை வாங்காதேன்னு சொன்னதுக்கு என்கூடச் சண்டை போட்டவ நீ. இப்ப தூக்கிக் குடுக்கறியா?"

"எனக்குக் கடை இருக்குண்ணே, பலகை இருக்கு. பாதிப் புத்தகத்தை எடுத்துக்கறேன், நம்ம ஆளுங்க காப்பி குடிச்சுக்கிட்டே படிக்கட்டும். அங்க இந்த அறையில ஒருத்தரும் கால் வெக்கல. இங்க பாரு."

ஜர்காசி பார்த்தார். பிள்ளைகள் யாரும் இறங்கியிருக்கவில்லை. வீடு எங்கோ சவாரி போகப்போகிறது என்று நினைத்து, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் கயிற்றைப் படகிலிருந்து அவிழ்த்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதே கயிற்றைச் செம்பனை மரங்களில் சுற்றிச் சுற்றிக் கட்டினார். "கட்டறதுன்னா ஒழுங்கா கட்டணும்," என்று பிரயோகோவைப் பார்த்துச் சொன்னார். "உங்க ஆளு போட்ட முடிச்சுதான் இவ்வளவு தூரம் கொண்டாந்துச்சு."

பிரயோகோ கைப்பேசியை எடுத்தான். மேலதிகாரியைக் கூப்பிட்டான். "சார், நூலகம் நம்ம தோட்டத்துக்குள்ளதான் இருக்கு. இனிமே நகராது. தலைவரை இங்க கூட்டிட்டு வாங்க."

மறுநாள் விரைவுப் படகு பனை வரிசைக்குள் திணறித் திணறி வந்தது. ஓர் ஓலை தலைவரின் தொப்பியைத் தட்டித் தண்ணீரில் போட்டது. நரைத்த, அதிகம் பேசாத மனிதர். குடியிருப்பைப் பார்த்தார், கூரைமேல் காயும் பாய்களைப் பார்த்தார். யுஸ்தினாவிடம், "ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேட்டார்.

"புத்தகத்துக்கு நடுவுல சார்," என்றாள் அவள்.

அவர் திரும்பி அதிகாரிகளைப் பார்த்தார். நாடாவை வெட்டினார். புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் படம் ஜகார்த்தா அலுவலகத்தில் வரவேற்பறைச் சுவரில் பெரிதாக மாட்டப்பட்டது.

தண்ணீர் வடிந்ததும் நூலகம் இரண்டு வரிசைகளுக்கு நடுவே, லேசாக ஒரு பக்கம் சாய்ந்து தரையில் உட்கார்ந்தது. குலை ஏற்றும் வண்டிக்கு வழியை மறிக்கிறது என்று மேஸ்திரி முணுமுணுத்தார். ஆனால் தலைவர் நாடா வெட்டிய கட்டடத்தை எடுக்கச் சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? அடுத்த மழைக்கு முன் குடியிருப்பின் தரையை உயர்த்திக் கட்டினார்கள். பிரயோகோ, உள்ளே இருப்பவர்களுக்கான பிரிவு எது என்று தேடிக் கண்டுபிடித்து, அதற்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். லாரி இப்போது ஒழுங்காக வருகிறது என்று சொல்ல முடியாது. வருகிறது, அவ்வளவுதான். ஏரி இன்னும் கலங்கல்தான். ஜர்காசி அதைக் கேட்கக் கம்பெனி அலுவலகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போது தனியாகப் போவதில்லை. எந்த வாய்க்காலை எங்கே வெட்டினார்கள் என்று கையைக் காட்டிச் சொல்ல யுஸ்தினாவின் கணவனும் கூடப் போகிறான். தங்கையின் கடையில் முழுக் காப்பியும் குடிக்கிறார்.

மஸ்னியா அவ்வப்போது படகில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போய் மாற்றிவிட்டு வருவாள். கோடையில் கரையில் படகைக் கட்டிவிட்டு மரங்களுக்கிடையே நடக்க வேண்டும். ஒருநாள் அவள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். வேலை முடிந்து வந்த பெண்கள் கம்பளத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். யுஸ்தினா தன் தீவுப் பேச்சின் இழுவையோடு எதையோ படித்துக்கொண்டிருந்தாள். பாதி சொற்கள் மஸ்னியாவுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. ஒரு மூலையில் கூடையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். கண் சொக்கியது. அடியில் இருப்பது காய்ந்த மண் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தரை அவளை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கியது. யாரோ ஒரு பெண் எழுந்து, அவள் முகத்தில் வெயில் விழாமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.